பளபளப்பைத் தேடும் முன் துடைக்கும் துணியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூத்துக்குடியில் கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்யும் பட்டறையில் 30 ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கார் கழுவவும் பாலிஷ் போடவும் மெழுகு பூசவும் இன்று கடைகளில் கிடைக்கும் பொருள்களுக்கு அளவே இல்லை. ஆனால் எது வண்டியின் பெயிண்டைக் காக்கும், எது அதைத் தேய்க்கும் என்று வாங்குபவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

சென்ற மாதம் இளைஞர் ஒருவர், வாங்கி இரண்டு ஆண்டுகூட ஆகாத கறுப்பு நிறக் காரை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார். நிழலில் பார்த்தால் புது வண்டி. பானெட்டின் மேல் கைப்பேசி விளக்கைப் பிடித்தவுடன், விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் எண்ணற்ற மெல்லிய கோடுகள் தெரிந்தன. பெயிண்டே மட்டம் என்று கார் விற்றவர்கள் மேல் அவருக்குக் கோபம். டிக்கியைத் திறக்கச் சொன்னேன். மூன்று பாலிஷ் பாட்டில்கள், ஒரு மெழுகு டப்பா, இவற்றுக்கு நடுவில் சுருட்டி வைத்த மஞ்சள் துணி ஒன்று. அந்தத் துணியை ஒரு வெள்ளைக் குவளைத் தண்ணீரில் அலசி ஐந்து நிமிடம் அப்படியே வைத்தோம். கலங்கல் தெளிந்தபோது குவளையின் அடியில் செம்மணல் படிந்திருந்தது. தினமும் காலையில் அலுவலகம் புறப்படும் முன் அந்தத் துணியால்தான், தண்ணீர் தெளிக்காமல், தூசி தட்டுவதாக நினைத்து வண்டி முழுவதையும் துடைத்து வந்திருக்கிறார்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பு உண்டு. அனல்மின் நிலையச் சாம்பல் உண்டு. திருச்செந்தூர்ப் பக்கம் போய்வந்தால் தேரிக்காட்டு மணலும் ஒட்டிக்கொள்ளும். மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. கண்ணாடியே அதற்குக் கீழேதான். கார் பெயிண்டின் மேற்பூச்சு கண்ணாடியைவிடப் பல மடங்கு மென்மையானது. இதைத் தெரிந்துகொண்ட எவரும் தூசி படிந்த வண்டியின் மேல் உலர்ந்த துணியை வைக்க மாட்டார்கள்.

அந்த மேற்பூச்சின் கனத்தையும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் காரில் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, நிறமற்ற கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும். அதில் கிளியர் கோட் 40 அல்லது 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனைவிடக் குறைவு. வெயிலையும் மழையையும் காக்கை எச்சத்தையும் வண்டியின் ஆயுள் முழுக்கத் தாங்க வேண்டியது இந்த மெல்லிய படலம்தான். பாலிஷ் என்பது இந்தப் படலத்தை மிக நுண்ணிய அளவில் அரைத்து, கீறலின் அடிமட்டத்துக்குச் சுற்றுப்பரப்பை இறக்குவதாகும். மெழுகு அப்படியன்று, அது எதையும் எடுக்காமல் மேலே ஒரு காப்பாகப் படிகிறது. ஒன்று எடுப்பது, மற்றொன்று கொடுப்பது. இரண்டையும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரியான பாட்டில்களில் அடுக்கி வைத்து, இரண்டுக்கும் "பாலிஷ்" என்றே பெயர் சொல்லி விற்பதுதான் குழப்பத்தின் வேர்.

இந்தக் குழப்பத்துக்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்தில் பெரும்பாலான வண்டிகளுக்கு ஒரே வகைப் பெயிண்ட்தான். மேலே கிளியர் கோட் கிடையாது. வெயிலில் அந்தப் பெயிண்ட் வெளுத்து மாவு பூக்கும். ரப்பிங் காம்பவுண்ட் என்னும் உராய்வுப் பசையைப் போட்டுத் தேய்த்தால் வண்டியின் நிறமே துணியில் ஒட்டிக்கொண்டு வரும், உள்ளே இருக்கும் புதுப் பெயிண்ட் வெளிப்படும். அன்றைக்கு அது சரியான வேலை. நானும் என் இளமையில் நூற்றுக்கணக்கான வண்டிகளை அப்படித் தேய்த்திருக்கிறேன். அந்தப் பழக்கம் மட்டும் அப்படியே தங்கி, கிளியர் கோட் உள்ள இன்றைய வண்டிகளுக்கும் தீபாவளிக்கு ஒரு முறை, பொங்கலுக்கு ஒரு முறை என்று ரப்பிங் போடுவது வழக்கமாகிவிட்டது. இப்போது துணியில் நிறம் ஒட்டுவதில்லை என்பதால் எதுவும் தேயவில்லை என்று நம்புகிறார்கள். தேய்வது நிறமற்ற படலம் என்பதால் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, பணம் செலவழிக்க விரும்புபவர்கள் முதலில் வண்டியைத் தொடும் பொருள்களுக்குச் செலவழிக்கட்டும். பட்டறைகளில் எண்ணெய் துடைக்க வாங்கும் பனியன் வேஸ்ட்டை, அதாவது பனியன் துணிக் கழிவை, பெயிண்டின் பக்கமே கொண்டுவரக் கூடாது. அதன் தையல் ஓரம் ஒன்றே கோடு போடப் போதும். மைக்ரோஃபைபர் துணியிலும் தரம் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 300 முதல் 400 கிராம் எடையுள்ள துணி மெழுகைத் துடைத்தெடுக்க ஏற்றது. ஈரம் ஒற்ற அதைவிட இரு மடங்கு கனமான, பூத்துவாலை போன்ற துணி வேண்டும். ஓரத் தையல் இல்லாததாகக் கிடைத்தால் நல்லது, இருந்தால் அந்த ஓரத்தையும் பிராண்ட் சீட்டையும் வெட்டி எறிந்துவிடலாம். இந்தத் துணிகளைத் துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவங்களைச் சேர்க்கக் கூடாது. அவை இழைகளின் மேல் படிந்து, நீரை உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி வண்டியில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் பதறும். சக்கரத்துக்கு வைத்த துணி சக்கரத்துக்கு மட்டுமே; அதில் பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத்தூள் இருக்கிறது.

கழுவுவதற்கு இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் ஷாம்பு கரைத்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். நீளமான மென்னிழைகள் கொண்ட கையுறையை ஷாம்புவில் நனைத்து, கூரையிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, மறுபடி ஷாம்புவில் இடும் முன் வெறும் நீரில் அலசினால் மண் அங்கேயே தங்கிவிடும். அதற்கு முன் வண்டி முழுவதும் தண்ணீர் பீய்ச்சி, கழன்று வருகிற தூசியைத் தொடாமலே கழுவிவிட வேண்டும். பிரஷர் வாஷர் வைத்திருப்பவர்கள் விசிறிபோல் விரியும் முனையைப் பொருத்தி ஓரடித் தூரமாவது தள்ளிப் பிடிக்க வேண்டும்; மறுபெயிண்ட் அடித்த பம்பரில் நெருக்கிப் பிடித்தால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும்.

துணி துவைக்கும் பவுடர் காரத்தன்மை மிகுந்தது. பாத்திரம் கழுவும் திரவம் பெயிண்டைக் கரைத்துவிடாது; ஆனால் பூசிய மெழுகை எடுத்துவிடும். அமிலமும் காரமும் இன்றி நடுநிலையில் இருக்கும் கார் ஷாம்புவே போதும். அதற்குமேல் அதில் விலையுயர்ந்தது, மலிவானது என்று பார்க்கத் தேவையில்லை என்பது என் அனுபவம். சில இடங்களில் பளபளப்புக்காக டீசலைத் தெளித்துத் துடைக்கிறார்கள். அது ஜன்னல் ரப்பர்களை உப்பவைத்துக் கெடுக்கும், எண்ணெய்ப்பசையில் தூசி இன்னும் ஒட்டும்.

தண்ணீரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். மாற்று ஆதாரம் இல்லாத இடத்தில் 600 வரை ஏற்கலாம். கடலோர ஊர்களின் ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் இதைவிடக் கடினமான நீரே கிடைக்கிறது. அந்த நீர் வெயிலில் வண்டியின் மேல் காயும்போது கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வட்டங்களாகப் படிந்து, நாள்பட்டால் கிளியர் கோட்டையே அரிக்கின்றன. வீணாகாமல் இருக்கட்டும் என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் சேமித்துக் கார் கழுவும் குடும்பங்கள் பல. நோக்கம் நல்லதுதான், ஆனால் வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. அதைச் சக்கரத்துக்கும் அடிப்பகுதிக்கும் முதல் அலசலுக்கும் வைத்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு மழைநீரையோ ஏசியிலிருந்து சொட்டும் நீரையோ ஒரு வாளி எடுத்துக்கொள்ளலாம். எந்த நீராக இருந்தாலும் காயவிடாமல் உடனே ஒற்றி எடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்குள் நிழலில் கழுவினால் அதற்கு நேரம் கிடைக்கும்.

கழுவி உலர்ந்த வண்டியின் மேல், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கைக்குள் மாட்டித் தடவிப் பாருங்கள். மணற்காகிதம்போல் சொரசொரத்தால் கழுவியும் போகாத துகள்கள் ஒட்டியிருக்கின்றன என்று பொருள். அவற்றை எடுப்பதற்கென்றே களிமண் கட்டிபோன்ற கிளே பார் கிடைக்கிறது. ஷாம்பு நீரை வழுக்கலுக்குத் தெளித்து மெதுவாக ஓட்டினாலே போதும். கீழே விழுந்த கட்டியைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

பாலிஷ் இயந்திரத்தில்தான் மிகப் பெரிய சேதங்களைக் கண்டிருக்கிறேன். ஒரே அச்சில் சுழலும் பஃபிங் மெஷின் தேர்ந்த கைகளுக்கு உரியது. ஒரே இடத்தில் சில விநாடிகள் நின்றால் சூடேறி, கதவின் விளிம்புகளில் பெயிண்ட் எரிந்துபோகும். இரும்பு அறுக்கும் கிரைண்டரில், நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 முறை சுழலும் அந்தக் கருவியில், பஞ்சுத் தட்டைப் பொருத்திக் காருக்கு பாலிஷ் போட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் உறவினர் ஒருவரின் வண்டியில் இப்படித்தான் பானெட்டின் முகடு முழுவதும் பிரைமர் தெரிந்தது. அதை நான் மறுபடி பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். வீட்டில் செய்ய விரும்புபவர்கள் சுழன்றுகொண்டே அசையும் டூயல் ஆக்‌ஷன் மெஷினை, மென்மையான ஃபோம் தட்டுடன் வாங்கட்டும். எப்போதும் வீரியம் குறைந்த பாலிஷிலிருந்து தொடங்கி, ஓரடிச் சதுரத்தில் சோதித்துப் பார்த்து, அது போதாவிட்டால் மட்டுமே அடுத்ததற்குப் போக வேண்டும்.

மெழுகில் கார்னாபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுப்பது. அது 82 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். ஆயினும் நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் அதை எதிர்பார்க்க வேண்டாம். மெழுகுக்குப் பதிலாகப் பூசும் செயற்கை சீலன்ட் இன்னும் சில மாதம் தாங்கும். எதுவானாலும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிதாகப் பூசினால் போதும், மிகுதியானதைத் துடைத்து எறியத்தான் போகிறோம். புதிதாக பெயிண்ட் அடித்த பகுதியில் ஒரு மாதத்துக்காவது மெழுகு வேண்டாம். உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். பெயிண்டின் மேல் கடினமான படலமாக உறையும் செராமிக் கோட்டிங்கின் விளம்பரங்களில் வரும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. அதை மோஸ் அளவுகோலின் 9 என்று எண்ணி, இனி மணலும் கீறாது என்று நம்பி உலர்ந்த துணியைக் கையில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

என் கோரிக்கை இதுதான். பாட்டிலில் உராய்வுத் துகள் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு கடுமையானது, கிளியர் கோட் உள்ள வண்டிக்கு ஏற்றதா என்பதைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகள் விலை, எடை போன்ற விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ தரச் சொல்கின்றன. கூடுதலாக வேறு மொழியிலும் தருவதை அவை தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் விற்கும் நிறுவனங்கள் விரும்பினால் நாளைக்கே செய்யலாம். ஏராளமான வண்டிகளைக் கழுவும் வாட்டர் வாஷ் தொழிலாளர்களும் அடுக்குமாடிக் காவலாளிகளும் தமிழில் எழுதினால்தான் படிப்பார்கள். தங்கள் நாளிதழ் வாகனப் பக்கத்தில் இதை எடுத்துப் பேசினால் அவர்களுக்கும் பயன்படும்.

அந்த இளைஞரின் வண்டியில் பெயிண்ட் கனத்தை அளந்து பார்த்துவிட்டு, பானெட்டுக்கும் கூரைக்கும் மட்டும் மெல்லிய பாலிஷ் ஒரு சுற்றுப் போட்டோம். கதவுகளின் கோடுகளை அப்படியே விட்டுவிடச் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

இப்படிக்கு,
வாகன வண்ணப்பூச்சுத் தொழிலாளி ஒருவர்,
தூத்துக்குடி.