கோயில்பிள்ளைக்கு இரண்டு வரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மறைவான பணியைப் பற்றி எழுதிய தலையங்கத்தை, "இப்படிப்பட்டவர்கள் பெயரை எதிர்பார்ப்பதில்லை" என்று முடித்திருந்தீர்கள். சரி. பக்கத்தைப் புரட்டினால் கோபுர நிதிக்குக் கொடுத்தவர்களின் பெயர், ஊர், தொகை. பெரிய தொகை என்றால் படமும் உண்டு. எதிர்பார்க்கிறவர்களுக்குத்தான் இடம் என்பதையும் தலையங்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

எங்கள் தேவாலயத்தின் பணியாள், நாங்கள் கோயில்பிள்ளை என்கிறவர், இந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். செய்தி அனுப்பினேன். படமும் விளம்பரக் கட்டணமும் வேண்டும் என்று உங்கள் அலுவலகம் பதில் போட்டது.

கொடைக்கானல் மலையின் ஈரம் உங்களுக்குத் தெரியாததல்ல. தீப்பெட்டி நமுத்துவிடும் என்று ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டுதான் அவர் தூங்குவார். பலிபீடத் துணியில் மெழுகு சொட்டினால், மேலே பழுப்புத் தாளை விரித்துக் கரி இஸ்திரிப்பெட்டியை மெல்ல ஓட்டுவார்; மெழுகு தாளுக்கு ஏறிவிடும். அது உங்கள் இதழைச் சுற்றித் தபாலில் வரும் தாள். உங்களால் அவருக்கு ஆன உதவி அவ்வளவுதான். என் தகப்பனாரின் அடக்கத்தன்று குழியில் மழைத்தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. நாங்கள் குடையோடு நின்றோம். அவர் உள்ளே இறங்கி வாளியால் இறைத்தார்.

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கை அட்டையில் போட்டீர்களே, இந்தக் குளிரில் அந்தத் தண்ணீரை விறகடுப்பில் வைத்து, கை விட்டுச் சூடு பார்த்துக் கொண்டுவந்தது யார் என்று விசாரித்தீர்களா? கோயிலுக்கு ஒருவர் மின்விசிறி வாங்கிக் கொடுத்ததற்கு அரைப் பக்கம் ஒதுக்கினீர்கள். கொடைக்கானலில் மின்விசிறி! அதைப் பற்றி அப்போதே எழுதினேன், போடவில்லை.

வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்பது செய்கிறவருக்குச் சொன்னது. வாங்கிக்கொண்ட நாம் வாயை மூடிக்கொள்ள அது சாக்கு அல்ல. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட கைம்பெண் யாரிடமும் சொல்லவில்லை; இயேசுதான் சீடர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பெத்தானியாவில் தம் தலையில் தைலம் ஊற்றிய பெண்ணைக் குறித்து, நற்செய்தி போகிற இடமெல்லாம் அவள் செய்ததும் பேசப்படும் என்றார். கட்டணம் கேட்கவில்லை.

நம் மலையிலுள்ள செண்பகனூரில் 1895இல் கல்லூரி தொடங்கிய சேசு சபை என்ற துறவியர் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சபையின் அல்போன்ஸ் ரொட்ரிகஸ், ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் ஒரு கல்லூரியின் வாயில்காப்போராக நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்த சகோதரர். கதவு தட்டினால் திறப்பது, வந்தவரை உள்ளே சொல்லுவது, இதுதான் வேலை. 1888இல் அவருக்குப் புனிதர் பட்டமே கொடுத்தார்கள். எங்கள் ஆளுக்கு நான் அவ்வளவு கேட்கவில்லை. பட்டம் கொடுக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்பதும் தெரியும்.

அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள்: பெயர், ஊர், கோயில்பிள்ளையாக இருந்தார் என்று. விவரத்தைத் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். படத்துக்கு ஆதார் அட்டையில் இருப்பதுதான் உண்டு. கட்டணம் இல்லாமல் முடியாதென்றால் என் சந்தாவில் கழித்துக்கொண்டு, மீதி மாதங்களுக்கு இதழை நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
பெருமாள்மலை