கில்ட்டுக்கு ஓர் ஊக்கு

அன்புள்ள கண்ணாவுக்கு,

கல்யாணத்துக்கு ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் கட்டும் கம்பளிக் கில்ட்தான், அதுவும் கரும்பச்சையும் கருநீலமுமான பிளாக் வாட்ச் கட்டம் போட்டதுதான் என்று நீ சொன்ன அன்றே, அதற்கான ஊக்கு என் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டேன். நேற்று எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் ஏறி இறங்கி வாங்கியும் விட்டேன். வெள்ளியில் ஒரு திஸில் பூ, அதுதான் அந்த முள்செடியின் பூ. என் சுண்டுவிரல் நீளம்தான்.

கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது குலச் சின்னம் போட்டது. வார்ப்பட்டைக்கு நடுவே குலத் தலைவரின் முத்திரை இருக்கும். அந்தத் தலைவருக்குக் கட்டுப்பட்டவர்கள் போடுவது அது. முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்தாலும் அந்த உரிமை நமக்கு இல்லை, அதனால் வேண்டாம் என்றேன். திஸில் இந்த நாட்டுக்கே பொது. நீயும் இங்கே பிறந்தவன்தானே.

வாள் வடிவத்தில் ஒன்று அழகாக இருந்தது. ஆனால் கைப்பிடி முனை கூர்மை. கையோடு கொண்டுபோன பழைய பட்டுத் துணியில் தேய்த்தேன், உடனே ஒரு இழை வந்துவிட்டது. கெய்ர்ன்கார்ம் என்ற பழுப்புக் கல் பதித்ததில் கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் அதேபோல் இழுத்தன. திஸில் வழுக்கிக்கொண்டு போனது. பின்பக்கம், வெள்ளியைச் சோதித்து அடிக்கும் எடின்பரோ முத்திரையான கோட்டையும் இருக்கிறது, பார்.

லக்கன்பூத் ஊக்கைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். கிரீடம் வைத்த இதயம் அது. செயின்ட் கைல்ஸ் தேவாலயத்தை ஒட்டி இருந்த பழைய நகைக்கடை வரிசையின் பெயர் அதற்கு. காதலித்தவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். திருஷ்டி படாமல் இருக்கக் குழந்தையின் துணியிலும் குத்துவார்களாம். அதை உனக்குத் தர வேண்டியவள் நீ கட்டிக்கொள்ளப்போகிறவள், நான் இல்லை.

இப்போது முக்கியமான விஷயம். நம் புடவைக்குக் குத்தும் ஊக்கு, கொசுவத்தைப் பிடித்து நிறுத்துவதற்கு. கில்ட் ஊக்கு எதையும் பிடிக்கக் கூடாது. முன்பக்கம் இரண்டு துணி ஒன்றன்மேல் ஒன்று வரும் அல்லவா, அதில் மேல் துணியில் மட்டும்தான் குத்த வேண்டும். அதன் எடையில் துணி படிந்து நிற்கும், அவ்வளவுதான் அதன் வேலை. நீ மூன்றாவது படிக்கும்போது அப்பா ஒரு நண்பர் கல்யாணத்துக்கு வாடகைக் கில்ட் கட்டினார். நான் புடவை நினைப்பில் இரண்டையும் சேர்த்துக் குத்திவிட்டேன். காரில் ஏறக் காலைத் தூக்கினார், ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்தது. சாயங்காலம் வரை அந்தக் கிழிசலைக் கையால் மறைத்தபடியே நின்றார். ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

ஊக்கு குத்த வேண்டிய இடம்: உன் வலது பக்கம், நூல் பிரிந்து தொங்கும் ஓரத்திலிருந்து சுமார் 2 அங்குலம் உள்ளே, கீழிருந்து 4 அங்குலம் மேலே. செங்குத்தாக, பூ மேலே பார்க்கும்படி. நின்றுகொண்டே குத்து. அப்புறம் ஒருமுறை உட்கார்ந்து எழுந்து பார். அடித்துணி தனியாக அசைந்தால் சரி.

அடிக்கடி இடம் மாற்றிக் குத்தாதே, கம்பளியில் ஓட்டை தெரியும்.

பஞ்சில் சுற்றி, உன் பழைய ஜாமெட்ரி பெட்டியில் வைத்து நாளைக்கு அனுப்புகிறேன். வந்ததும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா