காணொளியில் ஆபத்தைக் கண்டபின் நோயாளியை எங்கே அனுப்புவது? மருத்துவமனை நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். முதுகுத்தண்டு வெளிநோயாளர் பிரிவு முழுவதையும் காணொளிக்கு மாற்றும் உங்கள் சுற்றறிக்கை எதனால் வந்தது என்பது நம் இருதரப்புக்கும் தெரியும். இந்தக் கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் காத்திருப்புக் கூடத்தில் கூட்டம் சேரக் கூடாது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை. எங்கள் மறுப்பு அதிலுள்ள ஒரே ஒரு விதியைப் பற்றியது. காணொளியில் பார்த்த நோயாளியை நேரில் அழைக்க முன் அனுமதி வேண்டும், கொரோனா பரிசோதனை முடிவு கைக்கு வந்த பிறகே எம்ஆர்ஐக்கு நேரம் தரப்படும் என்கிறது அந்த விதி. அதை நீக்கித் தருமாறு கேட்கவே இந்த மடல். அபாய அறிகுறி தெரிந்தவரை, யாரிடமும் அனுமதி கேட்காமல், அன்றே நேரில் பார்க்கவும் அன்றே எம்ஆர்ஐ எடுக்கவும் வழி வேண்டும்.

காணொளியை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. முறையாகச் செய்தால் அதில் நிறையத் தெரியும். ஃபோனை இடுப்பு உயரத்தில் படுக்கைவாக்கில் நிறுத்தி, நோயாளி ஏழெட்டு அடி தள்ளி நிற்க வேண்டும். முழங்கால் தெரியும் உடை, வெறுங்கால். குதிகாலால் நடக்கும்போது முன்பாதம் தரையில் இடித்தால், கீழ்முதுகிலிருந்து காலுக்கு இறங்கும் எல்4, எல்5 நரம்புகளைச் சந்தேகிக்கலாம். அவற்றுக்கு அடுத்துக் கீழே வரும் எஸ்1 நரம்பின் பலவீனம் ஒருமுறை நுனிக்காலில் நிற்கும்போது தெரியாது. ஒற்றைக் காலில் பத்து முறை எழும்பச் சொன்னால் ஆறாவது ஏழாவது முறையில் குதிகால் ஏற மறுக்கும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தால் தொடைத்தசை தேறிவிட்டது. 10 விநாடிக்குள் 20 முறை விரல்களை மூடித் திறக்க முடியாவிட்டால் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அழுந்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். இணைப்பு விக்கினால் எண்ணிக்கை பிசகும் என்பதால் பக்கத்தில் இருப்பவரையே உரக்க எண்ணச் சொல்கிறோம். அடிமேல் அடி வைத்து நடக்கும் சோதனையைச் சுவரோரமாக, தாங்கிப் பிடிக்க ஆள் இருந்தால் மட்டுமே செய்யச் சொல்கிறோம்.

அறுவைக்குப் பிந்தைய காயத்தைப் பார்க்கவும் இது போதும். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், அளவுக்கு ஒரு அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுத்த தெளிவான படமே காணொளியைவிடப் பயன்படும். சீழோ, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள தெளிந்த நீரோ கசிகிறதா, எழுந்து நின்றால் தலை வலித்துப் படுத்தால் தணிகிறதா என்ற கேள்விகளையும் சேர்த்துக் கேட்டால், பல நோயாளிகளின் ஒரு பயணம் மிச்சமாகும்.

ஆனால் தசைவலிமையின் 4ஆம் படிக்கும் (சற்றுக் குறைந்த வலிமை) 5ஆம் படிக்கும் (இயல்பான வலிமை) உள்ள வேறுபாட்டைத் திரையில் நம்பிச் சொல்ல முடியாது. எதிர்த்து அழுத்த ஒரு கை வேண்டும். அனிச்சைச் செயல்களைச் சுத்தியல் இல்லாமல் பார்க்க முடியாது. ஆசனவாய்த் தசையின் இறுக்கத்தைக் காணொளியில் அறிய வழியே இல்லை. உங்கள் விதி நோயாளியை மிக மோசமாகப் பாதிப்பது இந்த இடத்தில்தான்.

பெரிய டிஸ்க் பிதுங்கல் ஒன்று, தண்டுவடத்துக்குக் கீழே குதிரைவால் போல இறங்கும் நரம்புக் கற்றையை நசுக்கினால், தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப் போகும். சிறுநீர் வரத் தாமதமாகும், முக்க வேண்டியிருக்கும். பிறகு பை நிரம்பியதே தெரியாமல் போகும். அந்தக் கட்டத்தில் தானாகச் சொட்டும் சிறுநீரைப் பார்த்து, சிறுநீர் போகத்தானே செய்கிறது என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். சிறுநீர் முழுதாக அடைபடும் முன் நரம்புகளை விடுவித்தால் மீள்வதற்கான வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அடைபட்ட பின் அது சரிகிறது. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அறுவை என்ற கணக்கு உங்களுக்கும் தெரிந்ததே. அதுவரை காத்திருக்கலாம் என்று அதற்குப் பொருளில்லை. அனுமதிக்கு ஒரு நாள், பரிசோதனை முடிவுக்கு ஒரு நாள், ஸ்கேன் நேரத்துக்கு இன்னொரு நாள் என்று போனால், மிஞ்சுவது வாழ்நாள் முழுதும் குழாய் செருகிச் சிறுநீர் எடுக்கும் நிலை. அது 30 வயதுக்காரராகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த நோயைப் பிடிக்கும் கேள்விகள் அந்தரங்கமானவை. கழுவும்போது உணர்வு இருக்கிறதா, மலம் தெரியாமல் கசிகிறதா, உடலுறவில் மாற்றம் உண்டா? மகனோ மருமகளோ ஃபோனைப் பிடித்திருக்க, ஸ்பீக்கரில் இதைக் கேட்டால் யார் உண்மையைச் சொல்வார்? "எல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்ற பதில்தான் வரும். நோயாளி காதொலிப்பானை மாட்டிக்கொண்டு ஆம், இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்று ஏற்பாடு செய்யலாம். அதைவிட மேல், முந்தைய நாளே ஒரு செவிலியர் தனியாக அழைத்துக் கேட்டுக் குறித்து வைப்பது. அந்தக் குறிப்பில் ஒரு "ஆம்" இருந்தால் காணொளியே வேண்டாம், நேரே மருத்துவமனைக்கு வரட்டும். வந்தவுடன் சிறுநீர் கழிக்கச் செய்து, பையில் மிச்சம் எவ்வளவு என்று அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சில நிமிடம் போதும். 200 மில்லிக்கு மேல் தேங்கியிருந்தால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தாலும் மற்ற அறிகுறிகள் இருக்கும்போது எம்ஆர்ஐயைத் தள்ளிப்போட முடியாது.

கொரோனா பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதிரியை எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை அவரைத் தொற்றுள்ளவராகவே கருதி, என்95 முகக்கவசமும் கவச உடையும் அணிந்து ஸ்கேன் எடுக்கலாம், அறுவையும் செய்யலாம். இதற்கான கவச உடை நம் கிடங்கில் இருக்கிறது. அனுமதிதான் இல்லை.

இத்தனையும் செய்ய ஒருவருக்கு 10 நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஃபோனைச் சாய்த்து நிறுத்தவே அதில் பாதி கரைந்துவிடும். தையல் பார்ப்பதற்கும் புதிதாகக் கால் பலமிழந்து வருபவருக்கும் ஒரே 10 நிமிடம் என்பது எந்த மருத்துவக் கணக்கிலும் சேராது. ஸ்கேன் விஷயம் இதைவிட மோசம். எம்ஆர்ஐ ஃபிலிமை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து எடுத்த படம், செயலியில் சுருங்கி வந்து சேருகிறது. ஒரே தாளில் இருபது சிறு பிம்பங்கள்; நரம்பு வெளியேறும் துளை தெரியாது, எந்த முள்ளெலும்பு எத்தனையாவது என்று எண்ணவும் முடியாது. கீழ்முதுகில் ஒரு முள்ளெலும்பு கூடவோ குறையவோ இருப்பவர்களில் அந்த எண்ணிக்கை தவறினால் கத்தி தவறான இடத்தில் படும். ஸ்கேன் கருவி தரும் மூல டிஜிட்டல் படங்களான டைகாம் கோப்புகள் முழுவதையும் ஸ்கேன் மையமே நேரடியாகப் பதிவேற்ற ஓர் இணைப்பு கேட்டோம். பதிலாக வந்தது, அன்றாடம் எத்தனை காணொளி முடித்தோம் என்று நிரப்ப வேண்டிய படிவம். அந்தப் படிவத்தில், நேரில் வரச் சொன்னவர்களில் எத்தனை பேர் உள்ளே வர முடிந்தது என்று கேட்கும் கட்டம் இல்லை.

கடுமை கூடிவிட்டது, பொறுத்தருளுங்கள். நேரமும் பதிவேற்ற இணைப்பும் படிப்படியாக வரட்டும், அவற்றுக்காகக் காத்திருக்கிறோம். முன் அனுமதி விதியை மட்டும் இந்த வாரமே நீக்கித் தாருங்கள். புதிதாகச் சிறுநீர், மலக் கட்டுப்பாட்டில் மாற்றம், தொடையிடுக்கு மரப்பு, நாளுக்கு நாள் கூடும் கை கால் பலவீனம், காய்ச்சலோடு முதுகுவலி, புற்றுநோய் இருந்தவருக்குப் புதிய முதுகுவலி: இவற்றில் ஒன்று இருந்தாலும் பார்த்த மருத்துவரின் கையெழுத்தே போதும், அன்றே நேர்ப் பரிசோதனை, அன்றே எம்ஆர்ஐ என்று விதியை மாற்றி எழுதுங்கள். இதற்காக நாள்தோறும் ஓர் எம்ஆர்ஐ நேரத்தை ஒதுக்கி வையுங்கள். மாலை வரை தேவைப்படாவிட்டால் அதை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடலாம். இரவிலும் விடுமுறை நாளிலும் யாரை அழைப்பது என்று ஓர் எண்ணையும் அறிவியுங்கள்.

பணிவுடன்,
முதுகுத்தண்டு அறுவை மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறை மருத்துவர்கள்