பிரார்த்தனைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிரார்த்தனைக் குழுவினருக்கும் உறவுக்காரர்களுக்கும்,

வணக்கம். அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்த நாளிலிருந்து நீங்கள் விடாமல் வேண்டிக்கொண்டு வருகிறீர்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நாங்கள் உட்கார்ந்திருந்த இரவில் உங்களில் பலரும் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். இதற்கெல்லாம் நன்றி சொல்ல நீங்கள் வேற்றாள் இல்லை. நான் எழுத உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்காக. தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் ஒருவருக்கு மட்டும் ரொம்ப வலிக்கும். பொதுவில் சொன்னால் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கொள்வீர்கள்.

வேண்டுவதை நிறுத்தாதீர்கள். ஆனால் அதை அண்ணன் தலையில் ஏற்றிவைக்காதீர்கள். நான் கேட்பது இதைத்தான்.

அவர் டிஸ்சார்ஜ் ஆன அன்று 'அற்புதம் நிறைவேறியது' என்று குழுவில் வாழ்த்துகள் குவிந்தன. எங்களுக்கும் சந்தோஷம்தான். ஆனால் டாக்டர்கள் எங்களை உட்காரவைத்துச் சொன்னதே வேறு: அறுவை சிகிச்சை சில மணி நேர வேலை, இனிமேல் நடப்பதுதான் நீண்ட வேலை. முதல் ஆறு மாதங்களில் நோய்த்தொற்று அபாயம் அதிகம், புதிய சிறுநீரகத்தை உடல் எதிர்க்கும் அபாயமும் அப்போதுதான் அதிகம். ஒன்றைத் தடுக்க மருந்தைக் கூட்டினால் மற்றொன்றுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். அதனால்தான் வாரத்துக்கு இரண்டு முறைகூட ரத்தம் எடுத்து, மாத்திரையின் அளவைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

பெரியப்பா ஒருவர் நியாயமான கேள்வி ஒன்று கேட்டார். "கிட்னி பொருந்திடுச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் எதுக்கு வாழ்நாள் முழுக்க மாத்திரை?" அவருக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன். முழுக்க முழுக்கப் பொருந்துவது ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மட்டும்தான். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே என்ற மருத்துவர் முதன்முதலில் வெற்றிகரமாகச் சிறுநீரகம் மாற்றினாரே, அதுவும் அப்படிப்பட்ட இரட்டைச் சகோதரர்களுக்குத்தான். மற்ற எல்லோருக்கும், எவ்வளவு பொருத்தம் பார்த்துச் செய்தாலும், உடம்பின் காவல் அணுக்கள் 'இது நம்முடையது இல்லை' என்று ஒருநாள் கண்டுபிடித்துவிடும். மாத்திரை அவற்றை மட்டுப்படுத்தி வைக்கிறது. நிறுத்தினால் அவை விழித்துக்கொள்ளும். கொடுத்தவர் மனைவியா அம்மாவா, கொடுத்தது அன்பினாலா கடமையினாலா என்றெல்லாம் அவை பார்ப்பதில்லை.

இப்போது எனக்கு மனக்குறை வந்த இடத்துக்கு வருகிறேன். இரண்டாம் மாதத்தில் அண்ணனின் கிரியாட்டினின் 1.2-லிருந்து 1.9-க்கு ஏறியது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு அது, ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, சிறுநீரும் குறையவில்லை. ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது. உடனே அட்மிட் செய்து ஊசியால் துளி சதை எடுத்து பயாப்ஸி பார்த்தார்கள். அது முடிந்ததும் சில மணி நேரம் அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். அப்படிப் படுத்திருந்தபோதுதான் குழுவில் வந்த ஒரு செய்தியை அவர் படித்தார். 'நம்பிக்கையில் எங்கோ தளர்வு வந்திருக்கிறது, குடும்பமாக உட்கார்ந்து மனதைச் சோதித்துப் பாருங்கள்.'

எழுதியவர் யார் என்பது இங்கே தேவையில்லை. நல்ல எண்ணத்தில்தான் எழுதினார். அண்ணன் போனை மார்பின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ராத்திரி தூக்கம் வராதப்ப டிவி பார்த்துட்டு இருந்தேனே, அந்த நேரத்துல வேண்டிட்டு இருந்திருக்கணுமோ?" தூக்கம் வராததற்குக் காரணம் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. அதைச் சாப்பிடுகிறவர் நடுராத்திரியில் எழுந்து அலமாரியை அடுக்குவார், ஒன்றுமில்லாததற்குக் கோபப்படுவார், அப்புறம் அழுவார். முகம் உப்பிப்போகும். அதையெல்லாம் தாண்டி, விழித்திருந்த நேரத்தை வீணாக்கிவிட்டேனோ என்று ஒரு மனிதன் கணக்குப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

பயாப்ஸியில் தெரிந்தது, புதிய சிறுநீரகத்தை உடல் லேசாக எதிர்ப்பது, அதாவது லேசான ரிஜக்‌ஷன். மூன்று நாள் நரம்பு வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். கிரியாட்டினின் மெல்ல இறங்கியது. இந்த ஆரம்ப மாதங்களில் இப்படி வருவது அபூர்வம் இல்லை, சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும் என்று டாக்டர் சொன்னார். ரிஜக்‌ஷன் என்றால் கிட்னி போய்விட்டது என்று அர்த்தமில்லை. யாருடைய பாவமும் அதில் இல்லை, யாருடைய பக்திக்குறைவும் இல்லை.

உங்களில் படிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 2006-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் என்ற மருத்துவரின் குழு ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. இதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்காக முன்பின் அறியாதவர்கள் வேண்டினார்கள், அடுத்த பிரிவினருக்காக அப்படி யாரும் வேண்டவில்லை. தாங்கள் எந்தப் பிரிவு என்பது இந்த இரண்டு தரப்புக்குமே தெரியாது. மூன்றாம் பிரிவினரிடம் மட்டும் 'உங்களுக்காகக் கண்டிப்பாக வேண்டுகிறார்கள்' என்று சொல்லிவிட்டு வேண்டினார்கள். முதல் இரண்டு பிரிவுகளிலும் 52, 51 சதவீதம் பேருக்கு ஏதாவது சிக்கல் வந்தது. சொல்லிவிட்டு வேண்டிய பிரிவில் 59 சதவீதம். இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். கடவுளைச் சதவீதத்தில் அளக்க முடியும் என்று நானும் நினைக்கவில்லை. ஆனால் மனிதர்களைப் பற்றி அது சொல்வது எனக்குப் புரிகிறது. 'இத்தனை பேர் எனக்காக வேண்டுகிறார்கள், நான் தேறியே ஆகவேண்டும்' என்ற நெருக்கடியை அண்ணன் முகத்தில் கண்ணாரப் பார்த்துவிட்டேன். நீங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் எழுந்து நடந்து காட்டுகிறார். நீங்கள் போனதும் படுத்துக்கொள்கிறார்.

எங்கள் வீட்டில் நம்பிக்கை எப்படி நடக்கிறது என்று கேட்பீர்கள். காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் போனில் அலாரம் அடிக்கும். காவல் அணுக்களை மட்டுப்படுத்தும் டாக்ரோலிமஸ் என்ற மாத்திரையைப் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் தவறாமல் போட வேண்டும், அதற்குத்தான். ரத்தம் கொடுக்கும் நாளில் மட்டும் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துப்போய், ரத்தம் எடுத்த பிறகுதான் போட வேண்டும். முன்பே போட்டுவிட்டால் மருந்தின் அளவு தப்பாகக் காட்டும். அம்மா மாத்திரைப் பெட்டியின் அன்றைய அறையைத் திறந்து உள்ளங்கையில் கொட்டி எண்ணுவார். இந்த மருந்தால் அண்ணனுக்குக் கை நடுங்கும், தண்ணீர் டம்ளர் தளும்பும். அதனால் டம்ளரின் அடியை அம்மா பிடித்துக்கொள்வார். மாத்திரை உள்ளே போகிற வரை கண்ணை மூடியிருப்பார். எங்கள் வீட்டுப் பிரார்த்தனை அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஒரு வேளைகூடத் தப்பியதில்லை.

டாக்ரோலிமஸைத் தருவது 1984-ல் ஜப்பானில் சுக்குபா பகுதி மண்ணில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிர். இதைப் படித்துக் காட்டியபோது அம்மா அசந்துபோனார். "பிள்ளைக்கு வேணும்னு மண்ணுக்குள்ள எப்பவோ வெச்சிருக்கான் பாரு" என்றார். எனக்கு இந்த இறையியல் பிடித்திருக்கிறது. மாத்திரையும் அவன் கொடுத்ததுதான் என்று நினைக்கிற ஒருவரிடம் போய், 'நம்பிக்கை இருந்தால் மாத்திரை எதற்கு' என்று யாரும் சொல்ல முடியாது. சிலர் சொன்னீர்கள். தயவுசெய்து அண்ணன் காதில் அது இனி விழவேண்டாம். நாள் முழுக்க மாத்திரை விழுங்கிச் சலித்துப்போனவருக்கு அந்த ஒரு வாக்கியம் போதும், ஒரு வேளையைத் தள்ளிப்போட.

அன்போடு கொடுத்தனுப்பும் மூலிகைப் பொடிகள், கஷாயங்கள் எதுவும் வேண்டாம். அவை கெட்டவை என்பதால் இல்லை. டாக்ரோலிமஸ் கல்லீரலில் உடையும் வேகத்தை மாற்றக்கூடிய பொருட்கள் பல உண்டு. கிரேப்ஃப்ரூட் என்ற பழமே ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இறக்கிவிடும். பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று சோதித்துப் பார்க்க அண்ணனிடம் இருப்பது ஒரே ஒரு கிட்னி. புனித நீரும் அப்படித்தான். பலர் கை பட்டு, பல நாள் வைத்திருந்த நீரை அவருக்குக் குடிக்கத் தர மாட்டோம். நீங்கள் கொண்டுவந்ததை வாசலிலேயே வாங்கி வழிபடும் இடத்தில் வைத்துவிடுகிறோம், அவமதிப்பதாக நினைக்காதீர்கள்.

அண்ணியைப் பற்றி யாருமே கேட்பதில்லை. எனக்கு இருக்கிற பெரிய வருத்தம் இதுதான். கிட்னியைக் கொடுத்தவர் அவர். எந்த நோயும் இல்லாமல் நடந்து போய் மேஜையில் படுத்து, வலியோடு எழுந்து வந்தவர். அறுவை சிகிச்சை முடிந்த முதல் நாட்களில் அண்ணனைவிட அவருக்குத்தான் வலி அதிகம். அண்ணனுக்கோ நச்சு வடிந்து உடம்பு தெளிந்துகொண்டு வந்தது. லேப்பராஸ்கோப்பியில், அதாவது சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சையில், வயிற்றுக்குள் நிரப்பும் வாயு தோள்பட்டை வரை குத்தும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், ஆனாலும் அன்று அவர் துடித்ததைப் பார்க்க முடியவில்லை. இப்போதும் சீக்கிரம் களைத்துப்போகிறார். கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், சின்னவள் "தூக்கும்மா" என்று கை நீட்டினால் இவர் தரையில் உட்கார்ந்துவிடுவார், அவள் வந்து மடியில் ஏறிக்கொள்வாள். உங்கள் பிரார்த்தனைப் பட்டியலில் அண்ணன் பெயர் முதலில் இருக்கிறது. அண்ணி பெயரே இல்லை. ரிஜக்‌ஷன் வந்தபோது, "நான் கொடுத்தது சரியில்லையோ" என்று அவர் என்னிடம் கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது, நீங்களே சொல்லுங்கள்.

உங்களில் ஒருவர் தினமும் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவந்தார். வாசல் தாண்டி உள்ளே வந்ததில்லை, ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னதில்லை, அவர் வேண்டிக்கொண்டாரா என்றுகூட எனக்குத் தெரியாது. இன்னொருவர் எங்கள் வீட்டுக்கு வந்து போகிற எல்லோரையும் நச்சரித்து ஃப்ளூ தடுப்பூசி போடவைத்தார். எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து வைத்திருக்கும் ஒருவரைச் சுற்றி இருப்பவர்கள் செய்யக்கூடிய மிகப்பெரிய உதவிகளில் அது ஒன்று. ஜலதோஷம் வந்ததால் ஆஸ்பத்திரிக்கு வராமல் இருந்து, அதற்காக மன்னிப்புக் கேட்ட அத்தைக்குச் சொல்கிறேன்: நீங்கள் வராமல் இருந்தது நாங்கள் பெற்ற நல்ல உதவிகளில் ஒன்று.

அடுத்த கூட்டத்தில் இந்த மடலைப் படித்துக் காட்டுவதாகப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். அப்படியே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அண்ணனின் கிரியாட்டினின் எவ்வளவு என்று இனி அவரிடம் கேட்க வேண்டாம், என்னிடம் கேளுங்கள். ஏறினாலும் இறங்கினாலும் சொல்கிறேன். நம்பிக்கை, தளர்வு, சோதனை என்ற பேச்சை எங்களிடம் பேசுங்கள், அவரிடம் வேண்டாம். அவரிடம் கிரிக்கெட் பேசுங்கள், அவருக்கு அது போதும். பட்டியலில் அண்ணியின் பெயரைச் சேருங்கள், முடிந்தால் முதலில்.

நேரில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கிளம்புவதற்கு முன் எனக்கு ஒரு போன் செய்யுங்கள். மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டு வந்தால் கால் மணி நேரம் தாராளமாக உட்காரலாம். இருமல் இருந்தால் போனோடு நிறுத்திக்கொள்வோம்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்தி