அனுமதியை தேனீ பறக்குற மாசத்துல குடுங்க: மலை மாநில வனத்துறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா, வணக்கம்.

இமயமலையில பம்பிள்பீ (உடம்பெல்லாம் முடி அடர்ந்த, குண்டான காட்டுத் தேனீ) சர்வேக்கு நாங்க குடுத்த விண்ணப்பம் எந்தெந்த டேபிளுக்கு போச்சு, எவ்வளவு நாள் கிடந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும், அதை மறுபடி சொல்லல. இங்கிலீஷ்ல அனுப்புன ரிமைண்டர் எதுக்கும் பதில் வரல, அதான் தமிழ்ல பொதுவுல எழுதறேன், நம்ம ஊர்லேர்ந்து போய் அந்த மலையில வேலை பார்க்குற மத்த பசங்களுக்காவது விஷயம் தெரியட்டும்.

குளிர்காலத்துல கேட்ட அனுமதி அக்டோபர் கடைசியில வந்துச்சு. அதுவும் டிசம்பர் வரைக்கும்தான் செல்லும். அந்த நேரத்துல மேல் புல்வெளியில பனி விழுந்தாச்சு, வேலைக்காரத் தேனீ, ஆண் தேனீ எல்லாம் செத்து, இணை சேர்ந்த புது ராணி மட்டும் மண்ணுக்குள்ள போய் முடங்கியிருக்கும். யாரைப் போய் நாங்க கணக்கெடுக்குறது? தயவுசெஞ்சு அனுமதியை மார்ச்சுக்கு முன்னாடி குடுங்க.

அனுமதி லெட்டர்ல இன்னொரு கண்டிஷன், பூச்சியை பிடிக்கக் கூடாது, போட்டோ மட்டும் எடுக்கலாம்னு. இதுதான் ரொம்ப வலிச்சது. பாம்பஸ் ஹெமராய்டாலிஸ், டிரைஃபேசியேட்டஸ், பிரெவிசெப்ஸ்னு மூணு பம்பிள்பீ இனமும் கிட்டத்தட்ட ஒரே கலர்ல திரியும், அதே சமயம் ஒரே இனம் வேற ஏரியாவுல வேற கலர்ல இருக்கும், முடியோட கலரை வெச்சு மட்டும் பேர் எழுதினா அந்த டேட்டாவை நம்பவே முடியாது. கண்ணுக்கும் தாடைக்கும் நடுவுல கன்னம் எவ்வளவு நீளம்னு லென்ஸ்ல பார்க்கணும். பல இனத்துக்கு ஆணோட பிறப்புறுப்பை பிரிச்சு மைக்ரோஸ்கோப்ல பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும், அந்த ஆணோ கோடை முடியும்போதுதான் வெளிய வரும். நாங்க ஒண்ணும் வளைச்சு வளைச்சு கொல்லப் போறதில்ல. பெரும்பாலானதை குழாய்ல போட்டு ஐஸ்ல கொஞ்சம் குளிர வெச்சு பார்த்துட்டு விட்டுடுவோம், அது பூ மேல உட்கார்ந்து மார்புத் தசையை நடுக்கி நடுக்கி உடம்பை சூடாக்கிட்டு தானா பறந்துடும். வசந்தத்துல வர்ற ராணியை எடுக்கவே மாட்டோம், ஒரு ராணி போனா ஒரு கூடே போச்சு.

இதே புல்வெளியில டெண்ட் அடிக்கவும் ஜீப் ஏத்தவும் சீசன் தவறாம அனுமதி கிடைக்குது, ஒரு வலையும் நாலு குழாயும் எடுத்துட்டுப் போறவங்க மட்டும் வருஷக்கணக்குல காத்திருக்கணுமா? கோபம் வருதுங்க, மறைக்க விரும்பல.

இந்தியாவுல பதிவான 48 பம்பிள்பீ இனமும் கிட்டத்தட்ட இமயத்தை நம்பித்தான் இருக்கு. தெற்குல இயற்கையா ஒண்ணுகூட கிடையாது, ஊட்டியில பம்பிள்பீன்னு ஜனங்க போட்டோ போடுறதெல்லாம் மரத்தைத் துளைச்சு கூடு கட்டுற தச்சுத் தேனீதான். காஷ்மீர் இமயத்துல மட்டும் 29 இனம்னு பம்பிள்பீ ஆய்வாளர் பால் வில்லியம்ஸ் 1991லயே எழுதி வெச்சிட்டார், அதுல இன்னைக்கு எது இருக்கு எது போச்சுன்னு சொல்ல இப்ப நடந்து பார்த்தாதானே முடியும்? சிக்கிம்ல பெரிய ஏலக்காய் காய்க்கிறதே முக்கியமா இந்த ஹெமராய்டாலிஸ் வந்து போறதாலதான். அமெரிக்காவுல ஃபிராங்க்ளின் பம்பிள்பீங்கிற இனத்தை பூச்சியியல் ஆய்வாளர் ராபின் தோர்ப் 1998லேர்ந்து வருஷா வருஷம் தேடினார், 2006ல ஓரிகன்ல ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அதுக்கப்புறம் இல்ல. அமெரிக்க அரசு தன்னோட அழிவு அபாயப் பட்டியல்ல அதை சேர்த்தது 2021ல. அவர் நடந்த நடைதான் அதுக்கு ஆதாரம், நம்ம மலையில அப்படி ஒரு இனம் போனா காட்ட நம்மகிட்ட என்ன இருக்கு?

குரல் கொஞ்சம் ஏறிடுச்சு, மன்னிக்கணும். கேக்குறது இவ்வளவுதான். அனுமதி மார்ச்லேர்ந்து அக்டோபர் வரை செல்லணும், வருஷா வருஷம் புதுசா கேட்க வைக்காம மூணு வருஷத்துக்கு சேர்த்து வேணும், இனத்துக்கு சில ஆணையும் வேலைக்காரத் தேனீயையும் எடுக்க விடணும். எடுத்த ஒவ்வொண்ணுக்கும் இடம், உயரம், தேதி போட்டு உங்க ஆபீஸ்லயே பட்டியல் குடுத்துடறோம், உங்க ஃபாரஸ்ட் கார்டு ஒருத்தர் கூட வந்தாலும் சந்தோஷம்தான், அவங்களுக்கு எங்களைவிட வழி நல்லா தெரியும்.

அடுத்த சீசனுக்கான விண்ணப்பம் மறுபடி அனுப்பியாச்சு. மார்ச்சுக்கு முன்னாடி பார்த்து முடிச்சுக் குடுங்கன்னு பணிவோட கேட்டுக்கிறேன்.

நன்றியுடன்,
சர்வே டீம்ல இருக்குற ஒரு ஆராய்ச்சி மாணவி