கோழி சதை பிடிக்க எவ்வளவு இடம் வேண்டும்?

பல்லடம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தோப்பில் தேங்காய் வெட்டு, வீட்டில் சின்னவளின் பிரசவம் என்று எல்லாம் ஒரே சமயத்தில் வந்ததால் உடனே உட்கார்ந்து எழுத முடியவில்லை. பேரன் பிறந்திருக்கிறான். தாயும் பிள்ளையும் நலம். கமலா உங்கள் இருவரையும் விசாரித்தாள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் போடச் சொல்.

ரிடையர் ஆனதும் கோழி வளர்க்கப் போகிறாய் என்பது எனக்கு ரொம்ப சந்தோஷம். அடைத்து வளர்த்தால்தான் சதை பிடிக்கும் என்கிறார் ஒருவர், ஓடவிட்டால்தான் பிடிக்கும் என்கிறார் இன்னொருவர், எது சரி என்று கேட்டிருக்கிறாய். முதல் ஆள் பிராய்லரை மனதில் வைத்துப் பேசுகிறார், அடுத்த ஆள் நாட்டுக்கோழியை. இடம் எவ்வளவு என்ற கேள்வி, எந்தக் கோழி, எந்த வயது என்று தெரிந்த பிறகுதான் வர வேண்டும்.

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978 காலத்துக் கோழி ரகங்களை அழியாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றையும் 2005-ஆம் ஆண்டின் பிராய்லரையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56-ஆம் நாளில் பழைய ரகம் 905 கிராம், நடுவில் வந்தது 1,808 கிராம், புதியது 4,202 கிராம். வளர்த்த விதம் ஒன்றுதான், மாறியது வம்சம் மட்டும். அதனால் இடத்தைக் கூட்டியோ குறைத்தோ சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழியைப் பிராய்லர் ஆக்கிவிட முடியாது. அந்த ஆசையை முதலிலேயே விட்டுவிடு.

இடம் சதையை எங்கே தொடுகிறது என்பதற்கு வருகிறேன். கோழியின் உடம்பில் எத்தனை தசை இழைகள் இருக்கும் என்பது அநேகமாக முட்டைக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. பொரித்த பிறகு இழைகளின் எண்ணிக்கை கூடுவதில்லை, இருக்கிற இழைகள்தான் பருக்கின்றன. அப்படிப் பருக்க, இழையை ஒட்டியிருக்கும் ஒருவகைச் செல்கள் பெருகி அதனோடு சேர வேண்டும். அந்தச் செல்கள் மும்முரமாக வேலை செய்வது முதல் ஒரு வாரம், பத்து நாள்தான். இஸ்ரேலில் செய்த ஆய்வு ஒன்றில், பொரித்த முதல் சில நாட்களில் பட்டினி கிடந்த குஞ்சுகளுக்கு இந்தச் செல்கள் குறைவாகவே பெருகின. பின்னால் நன்றாகத் தின்றும் நெஞ்சுச் சதை மற்றவற்றுக்கு ஈடாக வரவில்லை.

அதனால்தான் புரூடிங் சமயத்தில், அதாவது குஞ்சுக்குச் சூடு கொடுத்து வளர்க்கும் முதல் நாட்களில், இடத்தை நான் அவ்வளவு கவனிப்பேன். சுற்றிலும் வட்டமாகத் தகடு கட்டி, சூட்டுக்குப் பல்பு போட்டு, குஞ்சை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று பல பேர் நினைக்கிறார்கள். தகடு ரொம்பக் குறுகலாக இருந்தால் வலுவான குஞ்சுகள் தீவனத் தட்டை மறித்துக்கொள்ளும், நோஞ்சான் வெளியே நிற்கும். ரொம்ப அகலமாக இருந்தால் சூட்டை விட்டு விலகிப் போய் மூலையில் குவிந்து ஒன்றையொன்று நசுக்கும். குஞ்சு இறக்கிய மறுநாள் காலையில் நான் அங்கங்கே சிலவற்றைக் கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். மெத்தென்று உருண்டையாக இருந்தால் தீவனமும் தண்ணீரும் இரண்டும் போயிருக்கிறது. கல்லு மாதிரி இருந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை. காலியாக இருந்தால் அந்தக் குஞ்சுக்குத் தட்டுப் பக்கம் போக வழியே இல்லை. அன்றைக்கே தட்டைக் கூட்டிவிடுவேன், இரண்டு நாளைக்கு ஒருமுறை தகட்டைத் தள்ளி வைத்துக்கொண்டே போவேன். மற்ற எந்த வாரத்திலும் ஓர் அடி இடம் இவ்வளவு பலன் தராது என்பது என் எண்ணம்.

பெரிய கோழி விஷயம் வேறு. எங்கள் பக்கத்துத் திறந்த ஷெட்டில் பிராய்லர் ஒன்றுக்கு ஒரு சதுர அடி என்பது பழகிய கணக்கு, வெயில் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டுவோம். ஐரோப்பாவில் 2007-இல் கொண்டுவந்த சட்டம் எடையை வைத்துப் பேசுகிறது. சதுர மீட்டருக்கு 33 கிலோ, காற்றோட்ட வசதியும் மற்ற நிபந்தனைகளும் சரியாக இருந்தால் 39, அதிகபட்சம் 42. இரண்டு கிலோ கோழி என்று வைத்து நம் ஒரு சதுர அடியை அந்தக் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 21 கிலோதான் வரும். நாம்தான் தாராளமாக விடுகிறோம்! காரணம் சித்திரை வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைப் பிளந்து மூச்சிரைத்தும், இறக்கையை விரித்துக் காற்றில் சூட்டை விட்டும்தான் பிழைக்கிறது. நெருக்கிப் படுத்தால் இரண்டு கோழிக்கு நடுவில் காற்று போகாது. சூடு ஏறினால் தீவனம் தின்னாது. தின்கிறதும் சதையாவதற்குப் பதில் கொழுப்பாக ஒதுங்கும். மிரட்சியில் சுரக்கும் ஹார்மோன் இருக்கிற சதையையும் கரைக்கும். கீழே பரப்பிய தேங்காய் நார்க்கழிவு ஈரமாகி அம்மோனியா நெடி ஏறும், பாதம் வெந்து புண்ணாகும், கால் வலியில் தட்டுக்கு நடந்து போகாது. ஒரு ஷெட்டில் கூடுதலாக ஆயிரம் குஞ்சு விட்டு லாபம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த வரிசையில் ஏதோ ஓர் இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, நெருக்கடி கெடுதல் என்றால் இடத்தைக் கூட்டக் கூட்டச் சதையும் கூடிக்கொண்டே போகுமா? பிராய்லரில் போகாது. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் அது நாளில் முக்கால் பங்கு நேரம் படுத்தே கிடக்கிறது. மைதானத்தையே கொடுத்தாலும் அந்த வயதில் ஓடாது. ஆனால் நாள் தள்ளி வளர்த்தால் வித்தியாசம் தெரிகிறது. இத்தாலியில் பெருஜா பல்கலைக்கழகத்தார் 2002-இல் எழுதிய ஆய்வில், ஒரு பங்கு கோழிகளுக்குத் தலைக்கு 0.12 சதுர மீட்டர், இன்னொரு பங்குக்குப் புல்வெளியோடு 4 சதுர மீட்டர் கொடுத்து, 56 நாளிலும் 81 நாளிலும் அறுத்துப் பார்த்தார்கள். வெளியே திரிந்தவற்றில் நெஞ்சுக்கறியும் கால்கறியும் உடம்பில் கூடுதல் பங்கு இருந்தன, வயிற்றுக் கொழுப்பு குறைவு. கறி கொஞ்சம் கடினமாகவும் இருந்தது.

முட்டைக் கோழிக் கூண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இடமில்லாமை உடம்பை என்ன செய்யும் என்பதை அங்கேதான் கண்ணெதிரே பார்க்கலாம். நாமக்கல் பக்கம் கூண்டில் ஒரு கோழிக்கு 450 சதுர செ.மீ. என்பது பரவலான அளவு, ஒரு ஏ4 தாளை விடச் சின்னது. இறக்கையை முழுதாக விரிக்க முடியாது. முட்டை ஓய்ந்த கோழியைக் கூண்டிலிருந்து எடுக்கும்போது இறக்கையைப் பிடித்து இழுத்தால் எலும்பு முறிகிற சத்தம் சில சமயம் கையிலேயே தெரியும். முட்டை ஓட்டுக்குக் கால்சியம் போய்க்கொண்டே இருக்கிறது, அசைவு இல்லாததால் எலும்பும் சதையும் தேய்கின்றன. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில், சின்ன வயதில் பல அடுக்குக் கொட்டகையில் ஏறி இறங்கி வளர்ந்த கோழிகளுக்கு, கூண்டில் வளர்ந்தவற்றை விட நெஞ்சுச் சதையும் இறக்கைச் சதையும் கனமாக இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். வெறும் கூண்டு முறையை ஐரோப்பாவில் 2012-இலிருந்து தடை செய்துவிட்டார்கள். இங்கேயும் அது போக வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். நாமக்கல்லில் எத்தனையோ குடும்பங்கள் முட்டையை நம்பி இருக்கின்றன, ஒரே நாளில் முடியாது. ஆனாலும் இறக்கை விரிக்கக்கூட முடியாத இடத்தில் ஓர் உயிரை ஒன்றரை வருஷம் வைப்பதை என் மனது ஏற்கவில்லை.

ஓடவிடுவதிலும் ஒரு நிதானம் வேண்டும். நெஞ்சுக்கறிக்கு அடியில், எலும்பை ஒட்டி, நீளமாக ஓர் உள்சதை இருக்கிறது. இறக்கையை மேலே தூக்குவது அதுதான். கெட்டியான உறைக்குள் இருப்பதால் அதற்கு வீங்க இடமில்லை. எப்போதும் படுத்தே கிடந்த கனத்த கோழி திடீரென்று மிரண்டு படபடவென்று இறக்கையடித்தால், சதை உறைக்குள் பருத்து, இரத்த ஓட்டம் அடைபட்டு அங்கேயே செத்துவிடும். அறுக்கும்போது அந்தத் துண்டு பச்சை நிறத்தில் இருக்கும். முதன்முதலில் இதை வான்கோழியில்தான் கண்டுபிடித்தார்கள். சின்ன வயதிலிருந்தே ஏறி இறங்கிப் பழகிய கோழி வேறு, அடைபட்டே வளர்ந்து திடீரென்று மிரண்டது வேறு. அதனால் ஷெட்டுக்குள் நாய், பட்டாசுச் சத்தம், திடீர் வெளிச்சம் எதுவும் கூடாது.

நாட்டுக்கோழிக் கறி ஓடித் திரிவதால்தான் கெட்டியாக, ருசியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஓட்டத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு, பெரும் பங்கு வயதுக்கு. பிராய்லர் ஆறு வாரத்துக்குள் போய்விடுகிறது, சிறுவிடை நாலைந்து மாதம் ஆகிறது. வயது ஏற ஏறச் சதைக்கு நடுவில் இருக்கும் இணைப்புத் திசு முறுக்கேறுகிறது, பல்லுக்குத் தெரிவது அதுதான். கால்கறி சிவப்பு, நெஞ்சுக்கறி வெள்ளை என்பதும் பெரிதாக மாறாது. புறாவுக்கு நெஞ்சே சிவந்திருப்பது அது பறந்துகொண்டே இருக்கிற இனம் என்பதால். நம் கோழியை எவ்வளவு ஓடவிட்டாலும் நெஞ்சு அப்படிச் சிவக்காது.

இனி நீ அனுப்பிய கொட்டகைப் படத்துக்கு வருகிறேன். 20-க்கு 15 அடிக் கொட்டகையில் 300 குஞ்சு என்று போட்டிருக்கிறாய். தலைக்கு ஒரு சதுர அடி, பிராய்லர் கணக்கு. நாட்டுக்கோழிக்கு இது போதாது. வயது வந்த சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கிழித்துவிடும், அதுவும் பெரிய உடம்புள்ள பெருவிடை ரகம் என்றால் கேட்கவே வேண்டாம். 150 போதும். கொட்டகையைக் கிழக்கு மேற்காக நீட்டு, பக்கச் சுவர் ஓர் அடிக்கு மேல் வேண்டாம், மேலே வலை. உள்ளே ஏறி உட்காரச் சவுக்குக் கம்பு கட்டிவிடு, தினமும் ஏறி இறங்குவதே காலுக்கும் இறக்கைக்கும் நல்ல பயிற்சி. பகலில் மாந்தோப்புக்குள் விடு. கோழி ஆதியில் காட்டுப் பறவை, தலைக்கு மேல் நிழல் இருந்தால்தான் தைரியமாகத் தூரம் போகும். வெட்டவெளியில் விட்டால் கொட்டகை வாசலிலேயே நிற்கும், நீ கொடுத்த இடம் வீண். கீரிக்கும் நாய்க்கும் வேலியின் அடிப்பகுதியை மண்ணுக்குள் புதைத்துவிடு.

ஓடுகிற கோழி எரிக்கிறதும் அதிகம். தோப்பில் பொறுக்கித் தின்னட்டும் என்று தீவனத்தைக் குறைத்தால் சதை வைக்காது. கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், கிடைத்தால் கரையான் என்று புரதம் சேர்த்துக் கொடு. மாதம் ஒருமுறை சிலதைப் பிடித்து நெஞ்செலும்பின் மேல் விரலை ஓட்டிப் பார். எலும்பு கத்தி முனையாகத் தட்டுப்பட்டால் தீவனம் போதவில்லை, இரண்டு பக்கமும் சதை எழும்பி எலும்பு விரலுக்கு மழுங்கலாகத் தெரிந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம்.

அப்புறம், குஞ்சு வாங்கும் இடத்தில் தாய்க்கோழியையும் சேவலையும் காட்டச் சொல். காட்டாதவர்களிடம் வாங்காதே, கலப்பினத்தை நாட்டுக்கோழி என்று விற்பது இப்போது அதிகமாகிவிட்டது. கடைக்கால் தோண்டும் முன் படத்தைத் திருத்தி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ராமசாமி