ஏரிக்கு உறைமோர்

சான்டஸ்கி, ஒஹாயோ
2025 மார்ச் 9

அன்புள்ள செல்வம்,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். தேயிலைக் கொழுந்து கருகிக் கிடப்பதைப் பார்த்ததும் யாரோ தீ வைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கீழே படித்த பிறகுதான் உறைபனி என்று தெரிந்தது. "ஐஸைப் பற்றித்தானே படிக்கிறாய், இதற்கு வழி சொல்லேன்" என்று கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், ஆனால் என் கதையையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும் என்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எழுதி மார்க் வாங்கினோமே, அது பாதி உண்மைதான். ஐஸ் பூஜ்யத்தில் உருகும். தண்ணீர் உறைவதோ அதன் இஷ்டம். தூசு தும்பில்லாத சின்னத் துளி மைனஸ் 38 வரைகூடத் தண்ணீராகவே கிடக்கும். பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல இதற்கும் ஏதாவது ஒன்று தொடங்கிவைக்க வேண்டும். சூடோமோனாஸ் சிரிஞ்சே என்ற பாக்டீரியா அதை மைனஸ் 2 வாக்கிலேயே செய்துவிடுகிறது. அதன் மேல்தோலில் உள்ள ஒரு புரதம், தண்ணீர் மூலக்கூறுகளை ஐஸுக்குள் எப்படி நிற்குமோ அந்த வரிசையில் நிறுத்துகிறது. மிச்சம் தானாக நடக்கும். உறைமோரில் உயிர் இல்லாவிட்டால் தயிர் கிடையாது. இதுவோ செத்த பிறகும் வேலை செய்யும். கொன்று உலர்த்தி, ஸ்னோமேக்ஸ் என்று பெயர் வைத்து, பனிச்சறுக்கு மைதானங்களுக்குச் செயற்கைப் பனி செய்ய விற்கிறார்கள்!

நான் இதை ஆராய்வது இந்த ஊரை ஒட்டிய ஈரி ஏரியில். போன வருஷம் பிப்ரவரியில் ஐஸே இல்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இந்த வருஷம் 90 சதவீதத்துக்கு மேல் உறைந்துவிட்டது. துளைபோடும் கருவியைத் திருகி ஐஸைத் துளைத்தால் மேலே வரும் கூழ் வெள்ளையாக இருக்காது. இரண்டாம் டிகாஷன் நிறம். அத்தனையும் டயாட்டம், கண்ணாடிக் கூடுள்ள பாசி. ஆலகோசெய்ரா என்ற வகை, மணிகோத்தாற்போல நீள நீளமாகச் சேர்ந்திருக்கும். நீந்தத் தெரியாது. ஆழத்தில் இறங்கிவிட்டால் வெளிச்சம் கிடைக்காது. ஐஸின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் பிழைத்தது.

2013இல் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகக்காரர்கள் உள்ளிட்ட குழு ஒரு கட்டுரை எழுதியது. இந்தச் சங்கிலிகளின் மேல் பாக்டீரியாக்கள் ஒட்டியிருக்கின்றன, அவற்றில் சில மைனஸ் 3இலேயே தண்ணீரை உறையவைக்கின்றன என்றார்கள். அப்படி உண்டாகும் மெல்லிய ஐஸ் துகள்கள் டயாட்டத்தையும் இழுத்துக்கொண்டு மேலே மிதக்கும். பதிலுக்குப் பாசி கசியவிடும் சத்து பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. அழகான கதைதான். ஆனால் அத்தனை உறைதலுக்கும் அந்த பாக்டீரியாவின் எண்ணிக்கை போதுமா என்று நிரூபிக்க முடியவில்லை என்பதையும் அவர்களே எழுதிவைத்தார்கள். எனக்கு அந்த வரிதான் பிடித்தது. என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது.

பிழைப்பு என்றால் குளிர்த்தொட்டியில் ஏரித் தண்ணீர் டியூப்களை வைத்து அரை அரை டிகிரியாக இறக்குவது. கண்ணாடிபோல இருக்கும் தண்ணீர் ஒரு நொடியில் உறைந்து பாலாக வெளுக்கும், அந்த டிகிரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். போன மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சுத்தத் தண்ணீரும் மைனஸ் 6இலேயே வெளுத்தது. தொட்டியைச் சந்தேகித்தேன், டியூபைச் சந்தேகித்தேன். இரண்டு வாரம் கழித்துத்தான் கேன் சரியாகக் கழுவவில்லை என்று தெரிந்தது. கழுவியவன் நான்தான். யாரைத் திட்டுவது?

சரி, உன் தோட்டத்துக்கு வருகிறேன். முதலில் சொன்ன சூடோமோனாஸ் இலைமேலும் வாழும். இலையில் அது இல்லாவிட்டால் பூஜ்யத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி கீழே போனாலும் செடி உறையாமல் தப்பிக்க இடமுண்டு. ஸ்டீவன் லிண்டோ என்ற விஞ்ஞானி உறையவைக்கும் மரபணுவை எடுத்துவிட்ட பாக்டீரியாவை 1987இல் கலிஃபோர்னியாவில் உருளைச் செடிகளில் விட்டுப் பார்த்தார். ஸ்ட்ராபெர்ரியிலும் அந்த வருஷமே தெளித்தார்கள். மரபணு மாற்றத்தை எதிர்த்தவர்கள் செடிகளைப் பிடுங்கிப் போட்டார்கள். அது கடைக்கு வரவே இல்லை, ஆகவே நீ பழையபடி கொழுந்தை மூடியும் தண்ணீர் தெளித்தும்தான் காப்பாற்ற வேண்டும். தேயிலைக்காரனுக்கு இன்னொரு செய்தி: கென்யாவின் கெரிச்சோவில் ஆலங்கட்டி அடிக்கடி விழும். ரஸ்ஸல் ஷ்னெல் என்ற ஆராய்ச்சியாளர் அதற்குக் காரணம் தேடி அங்கே தேயிலைச் செடியடியில் மக்கிய சருகை எடுத்துப் பார்த்து, அதிலும் உறையவைக்கும் துகள் இருப்பதைக் கண்டார்.

இலையை மட்டும் தபாலில் அனுப்பிவிடாதே, கஸ்டம்ஸில் பிடுங்கிக்கொள்வார்கள். அதற்குப் பதில் ஒன்று செய். தெர்மாமீட்டரைத் திண்ணைத் தூணில் மாட்டியிருப்பதாக எழுதியிருந்தாய். அதைக் கழற்றிக் கொழுந்து உயரத்தில் கட்டு. தெளிந்த ராத்திரியில் செடியருகே குளிர் திண்ணையைவிட அதிகமாக இருக்கும். டிசம்பரில் நான் வரும்போது அந்தக் கணக்கு நோட்டை எடுத்து வை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி